உறுமாத நாய்

"தப்பு பண்ணினா அதுக்கே தெரியும். மூஞ்சியைப் பாருங்களேன், எப்படி வெட்கப்படுது!"

இந்த வசனத்தை வாரத்துக்கு நாலு பேராவது சோப்பக்காவிடம் வந்து சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு. பக்கத்தில் நாய் ஒடுங்கிப்போய், காதைப் பின்னால் மடித்து, வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, உதட்டை நக்கி நக்கி நிற்கும். அது வெட்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கத்துகிற ஆளைப் பார்த்து வந்த பயம். கிழிந்த தலையணைக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காரணமே இல்லாமல் கத்தினாலும் அது அதே முகத்தைத்தான் காட்டும்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சோப்பக்காவின் வாய் அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிவிட்டு, "ஆனா எங்க நாய் அப்படியில்லைங்க, அதுக்கு எல்லாம் புரியும்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவளுக்குக் கையில் இருக்கும் ஷாம்பு வாளியை அப்படியே அவர்கள் தலையில் கவிழ்க்கலாமா என்று வரும்.

சோப்பக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவளுடைய சொந்தப் பெயர் ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மிருக ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் இருபத்திரண்டு வருடமாக நாய்களையும் பூனைகளையும் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கி அனுப்புகிறாள். அதற்கு முன்னால் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். "ஈரத்துக்கும் பல்லுக்கும் பயப்படாத ஆள் வேணும்" என்று அப்போதிருந்த பழைய டாக்டர் சொல்லியனுப்ப, ஈரம் பழகிவிட்டது, பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்து சேர்ந்தாள்.

அறையில் இரண்டு தொட்டிகள், ரப்பர் போட்ட ஒரு மேசை, கூரையிலிருந்து தொங்கும் டிரையர், சாயங்காலம் ஆனால் முடி அடைத்துக்கொள்ளும் ஒரு சாக்கடைக் குழி. ஜன்னலை ஒட்டிய சுவரில் வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு அட்டை. சிவப்பு என்றால் கடிக்கும். மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. பச்சை என்றால் சொன்னபடி கேட்கும். வருகிற ஒவ்வொரு பிராணிக்கும் பெயரெழுதி ஒரு அட்டை உண்டு. பழைய டாக்டர் செய்த ஏற்பாடு அது.

அந்தச் சுவர்தான் சோப்பக்காவின் புகழ். சிவப்பு அட்டையோடு வருகிற நாய் அவளிடம் மூன்று தடவை குளித்தால் பச்சைக்கு மாறிவிடும். அப்படி மாறியவற்றை மட்டும் தனியாக, வருகிறவர்கள் கண்ணில் படும்படி ஜன்னலோர முதல் வரிசையில் மாட்டி வைத்திருந்தாள். முப்பத்தொரு அட்டைகள். "உங்க கையில என்னக்கா வசியம் இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை.

வசியமெல்லாம் ஒன்றுமில்லை. நாய் உறுமினால் மூக்கு நுனியில் இரண்டு விரலால் ஒரு தட்டு, கூடவே கண்டிப்பாக ஒரு "ச்சூ!" மறுபடி உறுமினால் மறுபடி தட்டு. மூன்றாம் தடவை வரும்போது அது மூச்சு விடாமல் நிற்கும். "வீட்லயும் இப்படியே பண்ணுங்க, விட்டுக்குடுக்காதீங்க" என்று நாய் வளர்க்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் விரலைப் பிடித்துத் தட்டிக் காட்டி அனுப்புவாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்று, இப்போதிருக்கும் டாக்டரம்மா வந்து நாலு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரமே அவர் பின்கட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"அக்கா, உறுமறதைத் தடுக்காதீங்க. அது பஸ்ஸோட ஹாரன் மாதிரி. ஹாரனைப் பிடுங்கிப் போட்டுட்டா பஸ் நின்னுடுமா? சத்தமில்லாம வந்து மோதும். அவ்வளவுதான் வித்தியாசம்."

சோப்பக்காவின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதனால் உவமை சட்டென்று புரிந்தது. புரிந்ததற்காகப் பிடித்துவிடுமா? இரண்டு வாரம் டாக்டரம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று வந்த பெண் எனக்கு நாய் பிடிக்கச் சொல்லித் தருகிறாளாம் என்று வீட்டில் பொருமினாள். ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறவள் ஆதலால், மூன்றாவது வாரம் அவளே கவனிக்கத் தொடங்கினாள். பச்சை அட்டை நாய்கள் நிம்மதியாக நிற்கவில்லை. கண்ணின் வெள்ளை தெரிய, வாயை இறுக்கி மூடி, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டு நின்றன. அடங்கியதாக அவள் நினைத்ததெல்லாம் பயந்து உறைந்துபோய் நின்றவை. அன்றோடு தட்டுவதை விட்டாள். அதன்பிறகு நாயின் காது, வால், உதடு, மூச்சு என்று ஒவ்வொன்றையும் படிக்கக் கற்றுக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு அடுத்தபடியாகப் பிராணிகளின் மனசு தெரிந்த ஆள் என்று பெயரும் வாங்கிவிட்டாள்.

முதல் வரிசை அட்டைகளை மட்டும் கழற்றவில்லை. தட்டச் சொல்லிக்கொடுத்த ஆட்களைக் கூப்பிட்டு "நான் சொன்னது தப்பு" என்று சொல்லவும் இல்லை. சொல்லலாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டதில் நாலு வருடம் ஓடிவிட்டது.

ஊருக்கே உபதேசம் செய்கிறவளின் வீட்டிலும் ஒரு பூனை உண்டு. யார் என்ன செய்தாலும் மேலே உட்கார்ந்து கண்காணிக்கும் குணத்தால் அதற்கு மேனேஜர் என்று பெயர். போன வருடம் அது கணவரின் செருப்பில் தொடர்ந்து சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. "நான் ரெண்டு நாள் முன்னாடி திட்டினேன்ல, அதான் பழி வாங்குது" என்று அவர் அதனோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரு பூனை, மேல்மாடியில் உட்கார்ந்து சதித் திட்டம் தீட்டி, செருப்பு எது, ஷூ எது என்று பார்த்துப் பழி வாங்குகிறதாம். சோப்பக்கா தலையில் அடித்துக்கொண்டு அதைக் கூடையில் தூக்கிப் போனாள். சிறுநீர்ப்பையில் கல். மண் தட்டில் சிறுநீர் போகும்போதெல்லாம் வலித்ததால், அந்தத் தட்டுதான் வலிக்கிறது என்று நினைத்து அது வேறு இடம் தேடியிருக்கிறது. பூனைக்குச் சரியாகிவிட்டது. கணவர் மட்டும் இன்றுவரை, "இருந்தாலும் என் செருப்பைத்தானே தேடிப் போச்சு?" என்கிறார்.

இப்படி அடுத்தவர்களின் புரியாமை மேல் எரிந்து விழுந்துகொண்டே போய்க்கொண்டிருந்த சோப்பக்காவின் பிழைப்பில்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

அன்று காலை பத்து மணிக்கு முன்வாசலில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் தையல்காரி. ஆறு வருடமாக வருகிறவள். தனி ஆள், வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை, துணைக்கு ஒரு நாய். சடை முடியும் பழுப்பு நிறமும் கறுத்த உருண்டைக் கண்ணுமாக இருக்கும் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது அவளுடைய வலது கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. பின்னால் அவளுடைய அண்ணன், பொத்தானின் வாயைத் துண்டால் கட்டி, கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கே ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர். கட்டை விரல் பக்கத்துல ஆறு தையல். கத்தரிக்கோல் பிடிக்கிற கை! இது நாயா, பேயா?"

"கடிச்ச நாயை வெறிநோய் இருக்கான்னு பத்து நாள் வெச்சுப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி எதுவும் செய்ய முடியாது" என்றார் டாக்டரம்மா. "அதுக்கப்புறமும் உங்க தங்கச்சி கையெழுத்துப் போட்டாத்தான். நாய் அவங்களோடது."

"போடுவா. போடாம என்ன பண்ணுவா?"

தையல்காரி நாயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சோப்பக்கா அவள் தோளைத் தொட்டு, "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"மெஷினுக்கு அடியில படுத்திருந்தான்க்கா. எப்பவும் அங்கதானே படுப்பான். மழையில நனைஞ்சிட்டு வந்திருந்தான், மூஞ்சியைத் துடைச்சு விடலாம்னு துண்டை எடுத்துட்டுக் குனிஞ்சேன். அவ்வளவுதான். சொல்லாம கொள்ளாம கடிச்சிட்டான். ஒரு உறுமல்கூட இல்லக்கா. நாய் கோவிச்சுக்கிட்டா உறுமுமில்ல? இவன் ஒண்ணுமே சொல்லல."

சோப்பக்கா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள். பின்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை, அவளுக்குத் தெரியும். ஜன்னலோர முதல் வரிசை, இடமிருந்து எட்டாவது ஆணி. பச்சை அட்டை. 'பொத்தான்' என்று அவள் கையாலேயே எழுதியது. ஆறு வருடத்துக்கு முன்னால் முடி வெட்டும் மெஷினைப் பார்த்து உறுமிய நாய். மூன்றே தடவையில் அடக்கினாள். தையல்காரியின் வலது கை விரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, "இப்படி, இங்க, ஒரு தட்டு" என்று காட்டிக்கொடுத்தாள். தையல்காரி சொன்ன பேச்சு கேட்கிறவள். ஆறு வருடமாக ஒரு தடவை விடாமல் தட்டியிருப்பாள்.

கடிக்காமலிருக்க வாய்க்கூடு மாட்டி, கடைசிக் கூண்டில் பொத்தானை அடைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு ஒரு கருத்து. "சோறு போட்ட கையையே கடிச்சவன்" என்றார் கூண்டு கழுவுகிறவர். "துரோகி" என்றாள் சீட்டு எழுதுகிற பெண். நாய் உயர்த்திப் பிடித்த வாலை விறைப்பாக இப்படியும் அப்படியும் அசைத்தபோது, "பாருங்கக்கா, வாலை ஆட்டறான், இப்போ ஜாலியாயிட்டான்" என்று அதே பெண் கம்பிக்குள் கையை விடப் போனாள். சோப்பக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து, "உனக்குக் கை ரெண்டும் வேணுமா வேண்டாமா?" என்று கத்தினாள். ஆட்டுகிற வாலெல்லாம் சந்தோஷம் என்று நினைப்பவர்களோடு எத்தனை வருடம்தான் மல்லுக்கட்டுவது!

ஆனால் அந்த நாட்களில் அவளுடைய எரிச்சலில் பாதி யார் மேல் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, கடித்ததற்கு வேறொரு காரணத்தைக் கண்டுபிடிப்பது. குளிப்பாட்டும் வேலை முடிந்த நேரமெல்லாம் கூண்டுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நாய் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. வலது கன்னத்தைத் தரையில் வைப்பதே இல்லை. எப்போதும் இடது கன்னம்தான். நாலாம் நாள் வாய்க்கூட்டைக் கழற்றி, அதுவரை கொடுத்த கஞ்சிக்குப் பதிலாகக் கெட்டி பிஸ்கட் போட்டபோது ஒன்று கவனித்தாள். வலது பக்கம் போன பிஸ்கட்டைக் கீழே தவறவிட்டு, தலையைச் சாய்த்து இடது பக்கமாக எடுத்து மென்றது.

"டாக்டரம்மா, இவனுக்கு வாயில என்னமோ இருக்கு. கடிக்கிற நாய்னு எல்லாரும் வாய்க்கூட்டை மாட்டிட்டோம். அதனால வாயை மட்டும் யாருமே பார்க்கல."

ஐந்தாம் நாள் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வலது மேல் கடைவாய்ப்பல் நெட்டாகப் பிளந்து, வேர் வரை சீழ் கட்டியிருந்தது. வாரக்கணக்கில் வலித்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்தக் கன்னத்தின் மேல்தான் தையல்காரி துண்டை வைத்து அழுத்தித் துடைத்திருக்கிறாள். பல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தார்கள். சோப்பக்காவுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது. பல்! பாழாய்ப் போன ஒரு பல்! அவள் விரல் தட்டியதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உடனே தையல்காரிக்குப் போன் போட்டாள்.

ஏழாம் நாள் அண்ணனும் தங்கையும் வந்தார்கள். பிடுங்கிய பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டு டாக்டரம்மா காட்டினார். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முரட்டுப் பேச்சுக்காரரே தவிர முட்டாள் இல்லை.

"சரிங்க, பல்லு வலி. ஒத்துக்கறேன். வலிச்சா உறுமியிருக்கலாமே? மூஞ்சியைத் துடைக்க வந்தப்போ ஒரு தடவை உர்ருன்னிருந்தா இவ கையை எடுத்திருப்பாளே? ஏன் உறுமல?"

டாக்டரம்மா டப்பாவை வாங்கி மேசையில் வைத்தார். சோப்பக்காவைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான்.

"வலி ரொம்ப ஜாஸ்தியானா... சில சமயம் அப்படித்தான்" என்றாள் சோப்பக்கா.

"அப்போ நாளைக்குக் காது வலிச்சாலும் இப்படித்தான், இடுப்பு வலிச்சாலும் இப்படித்தான்" என்றாள் தையல்காரி. "இவனுக்கு வயசாகப் போகுது. இன்னும் எத்தனையோ வலி வரும். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதவனோட நான் எப்படிக்கா தனியா இருக்கறது? இந்தக் கையில்லாம எனக்கு என்ன இருக்கு? பத்தாம் நாள் வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர்கள் போன பிறகு டாக்டரம்மா, "நான் சொல்லியிருக்கலாம். ஆனா அது உங்க வாயால வரணும்னு நினைச்சேன்" என்றார். அதோடு அடுத்த பூனையைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சோப்பக்கா பாத்திரங்களை அவற்றின் இடத்தில் வைக்கவில்லை, எறிந்தாள். கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மேனேஜர் அலமாரி மேலிருந்து எட்டிப் பார்த்தது.

"என்ன பார்க்கறீங்க? ஏதாவது சொல்றதுன்னா வாயைத் திறந்து சொல்லுங்களேன்! இந்த வீட்ல யாருக்குமே வாய் கிடையாதா?"

"சொன்னா நீ விடுவியா?" என்றார் அவர் சாதுவாக. "கல்யாணமான புதுசுல நானும் ஏதாவது சொல்லிப் பார்த்தேன். 'ச்சூ'ன்னு ஒரு சத்தம் போடுவ. அப்புறம் எதுக்கு வம்புன்னு நிறுத்திக்கிட்டேன். உனக்குப் பயந்து இங்க பூனைகூடக் கத்தறதில்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். சோப்பக்கா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். கோபம் வந்தது, பதிலும் வந்தது. இரண்டையும் வெளியே விடாமல் நின்றாள். பிறகு அவர் எதிரே போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். முடிவில், "போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் எட்டாவது ஆணியிலிருந்த பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். முன்னறையில் பாதி தைத்த துணிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மெஷினுக்கு அடியில் வெட்டுத் துணிகளை வைத்துத் தைத்த சின்ன மெத்தை, நடுவில் பள்ளமாக, காலியாக இருந்தது. தையல்காரி இடது கையால் எதையோ வெட்ட முயன்று கோணல் மாணலாக்கி வைத்திருந்தாள்.

சோப்பக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"உங்க அண்ணன் கேட்டதுக்கு நேத்து நான் பொய் சொன்னேன்மா. அவன் ஏன் உறுமலன்னா, உறுமக் கூடாதுன்னு நான்தான் அவனுக்குக் கத்துக்குடுத்தேன். உறுமினா அடி விழும்னு அவனுக்குத் தெரியும். உனக்கும் தட்டச் சொல்லிக்குடுத்தேன். அது தப்புன்னு நாலு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் நிறுத்திட்டேன். உன்கிட்ட வந்து சொல்லல. மாசா மாசம் அவனைக் கூட்டிட்டு வருவ, சிரிச்சுப் பேசிட்டுப் போவ. அப்பவும் சொல்லல. சொன்னா என் பேரு போயிடும்னு இருந்துட்டேன்."

தையல்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். தன்னுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். அந்தக் கையின் விரல்களைத்தான் சோப்பக்கா அன்று பிடித்துத் தட்டிக் காட்டினாள்.

"அவன் குட்டியா இருந்தப்போ எலும்பை வெச்சுக்கிட்டு உர்ருன்னுவான். எனக்குச் சிரிப்பா வரும்" என்றாள். "நீங்க சொன்னீங்கன்னுதான் தட்டினேன். தட்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்குவான்க்கா. நான் அதைப் பாசம்னு நினைச்சேன்."

சோப்பக்கா கையிலிருந்த பச்சை அட்டையை அவளுக்கு நேரே நீட்டினாள்.

"அப்போ என் கையைக் கடிச்சது நீங்கதான்."

"ஆமாம்மா."

"போங்கக்கா. இப்போ போயிடுங்க. இன்னும் ஏதாவது சொல்லிடுவேன்."

சோப்பக்கா அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் நடக்கும்போது, திட்டியிருந்தால்கூடத் தேவலையே என்றிருந்தது. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ நாய்கள் அவளைக் கடித்திருக்கின்றன, ஒன்றுகூட இப்படி வலித்ததில்லை.

பத்தாம் நாள் தையல்காரி வந்தாள். தனியாக வந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை டாக்டரம்மா மேசையில் எடுத்து வைத்தார். அவள் அதைத் தொடாமல் நேராகப் பின்கட்டுக்கு வந்து, தொட்டிக்குள் முழங்கை வரை நுரையோடு நின்ற சோப்பக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"திரும்ப உறும வைக்க முடியுமா?"

"தெரியாதும்மா. சிலது திரும்பப் பேசும். சிலது கடைசி வரைக்கும் பேசாது. உறுமறதுக்கு முன்னாடியே அது வேற பாஷையில சொல்லும். மூஞ்சியைத் திருப்பும், உதட்டை நக்கும், உடம்பு விறைக்கும். அப்போ நாம உடனே விலகிட்டோம்னா, நம்ம பேச்சு எடுபடுதுன்னு அதுக்கு நம்பிக்கை வரும். அதுக்கப்புறம் ஒருவேளை சத்தமும் வரும்."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியாது."

"எனக்கு உங்க மேல இருக்கற கோவம் போகல. அதைச் சொல்லிடறேன். ஆனா அவன் உறுமற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தோறும் நீங்க என் வீட்டுக்கு வரணும்."

சோப்பக்கா போனாள். லீவு நாளில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போய், மெஷினுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாயை நோக்கிக் கையை நீட்டினாள். பொத்தான் முகத்தைத் திருப்பினால் கையை எடுத்தாள். உதட்டை நக்கினால் எடுத்தாள். அதைப் பார்த்துத் தையல்காரியும் செய்தாள். வாய்க்கூடு மாட்டியிருந்தபோதும் அப்படித்தான், மூன்றாவது வாரத்தில் கழற்றிய பிறகும் அப்படித்தான். அண்ணன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லாரும் நாய் சத்தம் போடாம இருக்க டியூஷன் வைப்பாங்க. எங்க வீட்ல உறும டியூஷன்" என்று சொல்லிவிட்டுப் போவார். பொத்தான் மட்டும் சத்தமே காட்டவில்லை. ஐந்து வாரம், ஆறு வாரம், ஏழு வாரம். சோப்பக்காவுக்குச் சில நாள் அழுகையே வந்தது. மூன்று குளியலில் பிடுங்கியதை முன்னூறு தடவை கையை நீட்டியும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் முதல் வரிசையின் மற்ற முப்பது அட்டைகளையும் கழற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள். ஒன்பது நாய்கள் இறந்துவிட்டிருந்தன. மற்ற வீடுகளில் பாதிப் பேருக்கு அவள் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. "எங்க நாய் தங்கம்க்கா. பேரன் வாலைப் பிடிச்சு இழுத்தாக்கூட உறுமாது" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். "ஐயோ, அதைத்தாங்க சொல்றேன்! பேரனைத் தள்ளி வைங்க, அது உறுமட்டும்!" என்று அவள் கத்த, "என்னக்கா, நல்லா இருக்கறதைக் கெடுக்கப் பார்க்கறீங்க?" என்று அவர் போனை வைத்துவிட்டார். அவள் மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் போட்டாள்.

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை அன்றைய பாடம் முடிந்துவிட்டது. வழக்கம்போல ஒன்றும் நடக்கவில்லை. சோப்பக்கா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி கட்டுப் பிரித்த கையால் மெதுவாக ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். துணி போதவில்லை. மிச்சத் துண்டு பொத்தானுக்கு அடியில் கிடந்தது. அவன் அதன் மேல் முகவாயை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். வேலை மும்முரத்தில் அவள் பார்க்காமல் குனிந்து அதன் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

உர்ர்ர்.

கரகரவென்று, வெகுநாள் ஓடாத மெஷின் போல, பாதியில் விட்டுப்போன ஒரு சின்னச் சத்தம்.

தையல்காரியின் வலது கை தானாக உயர்ந்தது. ஆறு வருடப் பழக்கம். தழும்பு இன்னும் சிவந்திருந்த அந்தக் கையில் இரண்டு விரல்கள் சேர்ந்து நீண்டு, நாயின் மூக்குக்கு நேரே வந்துவிட்டன. பொத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சோப்பக்காவின் டீ தம்ளர் பாதி வழியில் நின்றது. வாய் வரை வந்த கத்தலை அவள் அடக்கிக்கொண்டாள்.

விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு மெல்ல மடங்கின. தையல்காரி கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரிப்பா. எடுக்கல. நீயே வெச்சுக்கோ" என்றாள்.

பொத்தான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும், பெருமூச்சு விட்டு, துணியின் மேல் முகவாயை மறுபடி வைத்துக்கொண்டான். தையல்காரி புதுத் துணியிலிருந்து காலருக்கு வேறு துண்டு வெட்டினாள். வெட்டும்போது அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சோப்பக்காவைப் பார்த்து, "அடுத்த வாரமும் வாங்கக்கா" என்றாள்.

மறுநாள் காலை சோப்பக்கா பின்கட்டைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். 'பொத்தான்' என்று எழுதி, அடியில் 'உறுமும்' என்று சேர்த்து, காலியாகக் கிடந்த ஜன்னலோர முதல் வரிசையில் மாட்டினாள்.